லைக் வேறு, வரவு வேறு

(நம் சங்கக் கூடத்தில் ஞாயிறு மாலை நடந்த 'வீட்டிலிருந்தே தொழில்' கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டதற்கிணங்கச் செய்திமடலுக்காக எழுதித் தந்தது.)



செயலாளர் என்னை அழைத்தபோது முதலில் தயங்கினேன். "சமூக ஊடகம் வழியாக வியாபாரம் செய்வது பற்றிப் பேசுங்கள் சார்" என்றார். "அதற்கு என் மருமகளைக் கூப்பிடுங்கள், நான் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற ஆள்" என்றேன். அவர் விடவில்லை. "உங்கள் மருமகள் ரீல்ஸ் போடச் சொல்லித் தருவார், நீங்கள் கணக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்" என்றார். அது எனக்குச் சரியாகப் பட்டது.

நான் 1981-இல் பி.காம். முடித்தவன். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றேன். பேரேட்டில் எழுதிய காலத்திலிருந்து கணினி வந்த காலம் வரை என் வேலை ஒன்றுதான்: வரவையும் பற்றையும் பார்த்து, மாலையில் டேலி ஆகிறதா என்று சரிபார்ப்பது. அந்தக் கண்ணோடுதான் இன்றைக்கும் பேசப் போகிறேன்.

நம் குடியிருப்பில் வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். ரவிக்கை தைக்கிறவர்கள், கேக் செய்கிறவர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள், மாடித் தோட்டச் செடிகள் விற்கிறவர்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருகிறவர்கள். ஏறக்குறைய எல்லாரும் ஏதோ ஒரு சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் என் மனைவி பொடிகள் செய்கிறார். இட்லி மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ரசப்பொடி, அங்காயப் பொடி. 2022 தை மாதம் மருமகள் அதற்கு ஒரு பக்கம் தொடங்கினாள். எங்களுக்கு நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அதில் உங்களுக்குப் பயன்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

போன கணக்கு

பக்கம் நன்றாகவே வளர்ந்தது. இரண்டரை வருடத்தில் நான்காயிரத்து நூறு பேர் பின்தொடர்ந்தார்கள். மருமகள் தினமும் இரண்டு மணி நேரம் அதற்குச் செலவிட்டாள். மிளகாய் வறுக்கும்போது படம், உரலில் இடிக்கும்போது காணொளி, பண்டிகைக்கு வாழ்த்து. ஆயிரம் பேர் ஆனபோது வீட்டில் கேசரி செய்தோம்.

2024 ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவளுக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் காணொளியில் பதிப்புரிமை மீறல் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் கணக்கு நீக்கப்படும்' என்று. கீழே ஒரு இணைப்பு. அந்தத் தளமே அனுப்பியது போல் முத்திரை, எழுத்து எல்லாம் இருந்தது. காணொளிக்குப் பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு வைத்திருந்ததால் அவளுக்கும் பயம். இணைப்பைத் தொட்டுக் கடவுச்சொல்லைக் கொடுத்தாள். கைப்பேசிக்கு வந்த குறியீட்டு எண்ணையும் கொடுத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் கணக்கு அவள் கையில் இல்லை.

"மாமா, எல்லாம் போயிடுச்சு" என்று என் அறை வாசலில் வந்து நின்றாள். "ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீங்க" என்று கவுண்டரில் உட்கார்ந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! என் வீட்டுக்குச் சொல்ல விட்டுப்போயிற்று. அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அதோடு முடியவில்லை. திருடியவன் எங்கள் பெயரிலேயே வாடிக்கையாளர்களுக்கு எழுதினான். 'ஆடிச் சலுகை, முன்பணம் அனுப்பினால் பாதி விலை' என்று. ஒரு பெரியவர் நம்பி 2,000 ரூபாய் அனுப்பிவிட்டார். மறுநாள் எங்களுக்குப் போன் செய்து, "பொடி எப்ப வரும்மா?" என்று கேட்டார். என் மனைவி ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பணம் எங்களுக்கு வரலைங்க. ஆனா எங்க பேரை நம்பித்தானே அனுப்பினீங்க, நாங்க தர்றோம்" என்று சொல்லிவிட்டார். 2,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினோம். சட்டப்படி நாங்கள் தரவேண்டியதில்லை என்று மகன் சொன்னான். இருக்கலாம். ஆனால் அந்தப் பெரியவர் இன்றும் மாதா மாதம் எங்களிடம்தான் வாங்குகிறார்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொன்னோம், அரசின் இணையதளத்திலும் புகார் பதிந்தோம். கணக்கு திரும்ப வரவில்லை.

அரைக்குயர் நோட்டு

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். வீட்டில் எனக்குக் கொடுத்த வேலை கூரியர் பார்சலுக்கு முகவரி எழுதுவது. பழக்க தோஷம், எழுதுகிற முகவரியை ஓர் அரைக்குயர் நோட்டிலும் பதிந்து வைப்பேன். தேதி, பெயர், போன் எண், என்ன பொடி, எத்தனை கிராம், எவ்வளவு பணம். "எல்லாம் போன்லயே இருக்கே மாமா, எதுக்கு இது?" என்று மருமகள் சிரிப்பாள். நானும் பொழுது போக வேண்டுமே என்றுதான் எழுதினேன். இதில் என் முன்யோசனை எதுவும் இல்லை.

கணக்கு போன மறுநாள் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நானும் மருமகளும் உட்கார்ந்தோம். எண்ணிப் பார்த்தோம். இரண்டரை வருடத்தில் எங்களிடம் ஒரு தடவையாவது வாங்கியவர்கள் 236 பேர். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வாங்கியவர்கள் 88 பேர். மாதா மாதம் வாங்குகிறவர்கள் 31 பேர். கடைசி ஒரு வருடத்தில் வந்த 640 ஆர்டரில் 340-க்கு மேல் அந்த 31 பேர் கொடுத்தவை. அதாவது பாதிக்கு மேல்.

மருமகள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலாயிரம் பேர் போயிட்டாங்கன்னு ராத்திரி முழுக்க அழுதேன் மாமா. அதுல 3,800 பேருக்கு மேல ஒரு பாக்கெட் கூட வாங்கினதில்லை" என்றாள்.

236 பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினோம். அதில் ஒரு சங்கதி கற்றுக்கொண்டோம். பிராட்காஸ்ட் என்று அனுப்பினால், நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பாதிப் பேருக்குப் போகவில்லை. ஆகவே நான் ஒரு நாளைக்கு இருபது பேர் என்று போன் செய்தேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. 'எங்கள் பழைய பக்கம் திருடு போய்விட்டது, அதில் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள், இந்த எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் செய்தி. யாரும் எரிந்து விழவில்லை. பலர் அங்கேயே ஆர்டர் கொடுத்தார்கள். சிலர் என் மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ரசப்பொடிக்கு எவ்வளவு புளி என்று கேட்டார்கள்.

மாதம் சராசரி 53 ஆர்டர் வந்துகொண்டிருந்தது. அந்த மாதம் 41 வந்தது. மூன்றாம் மாதம் 50-ஐத் தொட்டுவிட்டது.

இப்படிச் சொன்னவுடன், 'அப்படியானால் சமூக ஊடகமே வேண்டாமே' என்று நினைத்துவிடாதீர்கள். நோட்டில் இன்னொரு கணக்கும் இருந்தது. முன்பெல்லாம் மாதம் ஏழெட்டுப் புதியவர்கள் வருவார்கள். பக்கம் போன பிறகு அது இரண்டாகக் குறைந்தது. பழையவர்களில் ஊர் மாறிப் போகிறவர்கள், உடல்நலத்துக்காகக் காரத்தை விடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். புதியவர்கள் வராமல் போனால் இரண்டு வருடத்தில் தொழில் தேய்ந்துவிடும்.

ஆக எங்களுக்குப் புரிந்தது இதுதான். சமூக ஊடகத்தின் வேலை, நம்மைத் தெரியாதவரை நம் வாசல் வரை கூட்டி வருவது. வந்தவரைத் தக்கவைப்பது அதன் வேலை அல்ல. அது நம்முடைய பொருளும், பேச்சும், நோட்டும் செய்ய வேண்டியது. இந்த இரண்டையும் நாங்கள் ஒன்றாக நினைத்திருந்தோம்.

வாடகைக் கடை

கல்லூரியில் சந்தையியல் பாடத்தில் நான்கு 'பி' படித்திருப்போம்: பொருள், விலை, இடம், விளம்பரம். ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960-இல் எழுதிய பாடநூலில் வகுத்தது. சமூக ஊடகம் அந்த நான்காவதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். முதல் மூன்றும் சரியில்லாமல் நான்காவதை மட்டும் ஊதினால், கெட்ட பெயர்தான் சீக்கிரம் பரவும்.

அதோடு, அந்தப் பகுதியும் நம் சொந்த இடம் இல்லை. அது வாடகைக் கடை. வாடகை கேட்காததால் சொந்தம் என்று நினைத்துவிடுகிறோம். ஆர்குட் நினைவிருக்கிறதா? 2014 செப்டம்பரோடு மூடிவிட்டார்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. அங்கே லட்சக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் பூஜ்யம். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோயின. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்று. நம்மைப் பின்தொடர்கிற எல்லாருக்கும் நாம் போடுவது காட்டப்படுவதில்லை. யாருக்கு எது பிடிக்கும், யார் எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்று அந்தத் தளமே கணித்து முன்னும் பின்னுமாக அடுக்குகிறது. அந்தக் கணிப்பு முறையை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நம்மைக் கேட்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் கூட்டம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் கட்டட உரிமையாளரே முடிவு செய்வது போல.

அதனால் வாடகைக் கடையை நன்றாக நடத்துங்கள். ஆனால் வந்தவர்களின் பெயரும் எண்ணும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

விளம்பரத்துக்கு ஒரு வரவு செலவு

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன். 'இந்தப் பதிவை இன்னும் பலருக்குக் கொண்டுசெல்ல' என்று ஒரு பொத்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நாங்களும் ஒரு தடவை அழுத்தினோம். 3,000 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 3,540.

பார்த்தவர்கள் பல ஆயிரம் பேர். லைக் முந்நூற்றுக்கு மேல். 'விலை என்ன?' என்று கேட்டவர்கள் 47 பேர். வாங்கியவர்கள் 9 பேர். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி, 'ஒன்பது ஆர்டர் வந்துவிட்டதே' என்று. நான் நோட்டை எடுத்தேன்.

ஓர் ஆர்டர் சராசரி 420 ரூபாய். பருப்பு, மிளகாய், எண்ணெய், கேஸ், பாக்கெட், லேபிள் எல்லாம் போக எங்களுக்கு நிற்பது 147 ரூபாய். ஒன்பது ஆர்டருக்கு 1,323. செலவு 3,540. நஷ்டம் 2,217. ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க 393 ரூபாய் கொடுத்திருக்கிறோம். அவர் முதல் தடவை தந்தது 147.

ஆனால் அங்கேயே கணக்கை முடித்தால் அதுவும் தப்பு. அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் திரும்ப வந்தார்கள். ஒரு வருடத்தில் ஆளுக்கு ஐந்து தடவை வாங்கினார்கள். இருபது ஆர்டர், 2,940 ரூபாய். முன்பு வந்த 1,323-உம் சேர்த்தால் 4,263. விளம்பரச் செலவைக் கழித்தால் ஒரு வருடம் கழித்து மிச்சம் 723 ரூபாய்.

இதிலிருந்து இரண்டு விஷயம். விளம்பரத்தின் லாபம் முதல் ஆர்டரில் வராது, திரும்ப வருகிறவரிடம்தான் வரும். திரும்ப வரவைப்பது பொடியே தவிர விளம்பரம் அல்ல. ஆகவே திரும்ப வாங்கும் வழக்கம் இல்லாத பொருளுக்கு, உதாரணமாக வருடத்துக்கு ஒரு தடவை வாங்குகிற கொலு பொம்மைக்கு, இந்தக் கணக்கை இன்னும் கவனமாகப் போட வேண்டும். அங்கே முதல் விற்பனையிலேயே விளம்பரச் செலவு அடைபட வேண்டும்.

அந்தத் தடவை நாங்கள் செய்த பிசகு ஒன்று உண்டு. மாநிலம் முழுக்கக் காட்டும்படி விட்டுவிட்டோம். கேட்ட 47 பேரில் பலர் தூரத்து ஊர்க்காரர்கள். கூரியர் கட்டணத்தைக் கேட்டதும் பின்வாங்கிவிட்டார்கள். விளம்பரம் எந்தச் சுற்றுவட்டாரத்தில் தெரிய வேண்டும் என்று கிலோமீட்டர் கணக்கில் நாமே குறிக்க முடியும். கேக், ரவிக்கை, டியூஷன் போன்றவற்றுக்கு இதைச் செய்யாமல் ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காதீர்கள்.

பணம் கொடுக்காமல் போடுகிற பதிவுக்கும் செலவு உண்டு. மருமகளின் தினசரி இரண்டு மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மாதம் அறுபது மணி நேரம்! இப்போது வாரத்துக்கு மூன்று பதிவு என்று குறைத்துவிட்டாள். ஆர்டர் குறையவில்லை.

எது பலன் தந்தது

புதிய பக்கம் தொடங்கியதிலிருந்து என் நோட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: 'எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?' புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுகிறோம். முதல் ஐம்பது பேரில், ஏற்கெனவே வாங்குகிறவர் சொல்லி வந்தவர்கள் 22. காணொளி பார்த்து வந்தவர்கள் 15. யாரோ வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்து வந்தவர்கள் 7. கட்டண விளம்பரம் பார்த்து வந்தவர்கள் 6. இது எங்கள் வீட்டுக் கணக்கு. உங்களுடையது வேறாக இருக்கும். அதனால்தான் நீங்களும் கேட்டு எழுத வேண்டும் என்கிறேன்.

அந்தப் பதினைந்து பேரும் பார்த்த காணொளிகள் எவை என்றும் கேட்டோம். மெனக்கெட்டு அலங்காரம் செய்து எடுத்தவை அல்ல. என் மனைவி கறிவேப்பிலையை நிழலில் உலர்த்துவது ஏன், பெருங்காயத்தை எப்போது சேர்ப்பது என்று சாதாரணமாகப் பேசினாரே, அவைதான். தெரிந்துகொள்ள ஏதாவது இருந்தால்தான் மனிதர்கள் நின்று பார்க்கிறார்கள். பண்டிகை வாழ்த்துப் படங்களால் ஓர் ஆர்டர் கூட வந்ததாக நோட்டில் இல்லை.

விலையை மறைக்காதீர்கள். 'விலைக்கு இன்பாக்ஸில் கேளுங்கள்' என்று எழுதினால், கேட்கக் கூச்சப்படுகிறவர் அப்படியே நகர்ந்துவிடுவார். கடையில் விலைப் பலகை எதற்கு வைக்கிறோமோ அதே காரணம்தான்.

கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் என்று தனிச் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பொருள் பட்டியலைப் படமும் விலையுமாக வைக்கலாம். அடிக்கடி வரும் கேள்விக்குப் பதிலைத் தயாராக வைக்கலாம். நாம் இல்லாத நேரத்தில் தானாகப் பதில் போகும்படி செய்யலாம். டியூஷன், தையல் போன்றவற்றுக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைல் மிகவும் பயன்படும், அதுவும் இலவசம். 'பக்கத்தில் தையல்காரர்' என்று தேடுகிறவர் ஏற்கெனவே துணியைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர். ரீல்ஸ் பார்க்கிறவர் பொழுதுபோக்கப் பார்க்கிறவர். இருவருக்கும் வித்தியாசம் உண்டு.

சொல்லக்கூடாதவை

ஒரு தடவை பாகற்காய்ப் பொடி செய்து பார்த்தோம். வாங்கியவர் ஒருவர், 'எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது' என்று பதிவின் கீழ் எழுதினார். மருமகள் அதையே தலைப்பாகப் போடலாம் என்றாள். நான் கூடாது என்றேன். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? 'பாகற்காய்ப் பொடி, கசப்பு கொஞ்சம் இருக்கும், சூடான சாதத்தோடு நன்றாக இருக்கும்' என்றே போட்டோம்.

உணவுப் பொருள் விற்கிறவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு பெற்று, அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிடுங்கள். வீட்டில்தானே செய்கிறோம் என்று விட்டுவிட முடியாது. பணமோ பொருளோ கொடுத்து யாரையாவது புகழச் சொன்னால், அது விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் வேண்டாம். வங்கியில் அதற்குப் பெயர் பொய் வவுச்சர்.

நம்மைப் போல் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். பிளாக், வீட்டு எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். கூகுளில் முகவரியை மறைத்து, சேவைப் பகுதியை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. டியூஷன் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் அனுமதியில்லாமல் போடாதீர்கள். நம் வளாகத்தில் காணொளி எடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பால்கனி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தேடுகிறவருக்கு நடுவில் நம் விளம்பரம் வந்து நிற்க வேண்டாம். தொழில் செய்திகளுக்கென்று விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேரும் தனிக் குழு ஒன்றைச் சங்கம் தொடங்கித் தரலாம் என்பது என் வேண்டுகோள்.

பூட்டும் சாவியும்

எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் இருக்க நாலு வார்த்தை.

இரண்டடுக்குப் பாதுகாப்பு என்ற வசதியை இன்றிரவே போட்டுவிடுங்கள். ஆனால் அதில் வரும் குறியீட்டு எண்ணை நீங்களே எடுத்துக் கொடுத்தால் எந்தப் பூட்டும் நிற்காது. அவசரப்படுத்தி, பயமுறுத்தி, இணைப்பைத் தொடச் சொல்கிற எந்தச் செய்தியையும் ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு பாருங்கள். உண்மையான எச்சரிக்கை செயலியின் உள்ளேயே, கணக்கு அமைப்புகளில் தெரியும்.

கணக்கு எந்த மின்னஞ்சலில், எந்தக் கைப்பேசி எண்ணில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் போட்ட படங்களையும் காணொளிகளையும் பதிவிறக்கி வைக்கும் வசதி தளங்களிலேயே உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்துவிடுங்கள். இந்தச் செய்திமடல் வரும்போது செய்வது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

பணம் விஷயத்தில் ஒன்று. யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு பின் எண் போட வேண்டியதே இல்லை. 'ஆர்டருக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், பின் எண் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று யாராவது சொன்னால், அவர் நம் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும் நம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சலைக் கொடுங்கள். காசோலை பாஸாகாமல் வரவு வைக்கக்கூடாது என்பதுதான் நாங்கள் வங்கியில் கற்ற முதல் பாடம்.

நிறைவாக

கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "எனக்கு அறுபது வயசு. ரவிக்கை தைக்கிறேன். கையில இருக்கிற வேலையே முடியல. நானும் இந்த இன்ஸ்டாகிராம்ல சேரணுமா சார்?" நான் சொன்னேன்: "வேண்டாம்மா. உங்களுக்குப் புது ஆள் தேவையில்லை, இருக்கிறவங்க அளவு நோட்டு தொலையாம இருந்தா போதும்." எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்காக ஒரு செலவை ஏற்றுக்கொள்ளக் கூடாது. உங்கள் தொழிலுக்குப் புதியவர்கள் தேவையா, அவர்கள் எங்கே இருக்கிறார்கள், ஒருவரைக் கொண்டுவர என்ன ஆகும், வந்தவர் திரும்ப வருகிறாரா? இந்த நான்கு கேள்விக்கும் உங்கள் நோட்டு பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் புதிய பக்கத்தை இப்போது தொள்ளாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். பழையதில் கால்பங்குகூட இல்லை. ஆர்டர் பழைய அளவைத் தாண்டிவிட்டது. மருமகள் இப்போது காலையில் எழுந்ததும் லைக் எத்தனை என்று பார்ப்பதில்லை. என் நோட்டைத்தான் வாங்கிப் பார்க்கிறாள். முகவரி எழுதுகிற வேலையையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அதை மட்டும் நான் கொடுக்கவில்லை.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பிறகு நம் நூலக அறையில் இருப்பேன். யாருக்காவது விளம்பரக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமானால் வாருங்கள். கைப்பேசியோடு ஒரு நோட்டும் கொண்டு வாருங்கள்.